நண்பர்களோடு 90, போட்டியில் 105: அந்த 15 ஸ்ட்ரோக் எங்கே போகிறது?

கேட்டவர் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர். ஹேண்டிகேப் 18, அதாவது ஒரு சுற்றின் மொத்த ஸ்ட்ரோக்கில் (அடிகளில்) அவருக்குக் கழித்துக்கொடுக்கும் எண். வார இறுதியில் நண்பர்களோடு ஆடினால் 90-ஐ ஒட்டி முடிக்கிறார். கிளப்பின் ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும்) போட்டிக்குப் பெயர் கொடுத்தால் ஸ்கோர் 105-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மைதானமும் அதேதான், ஸ்விங்கும் அதேதான். இது பதற்றமா, கோச்சிடம் போக வேண்டுமா என்பது அவர் கேள்வி.

பதற்றம் கொஞ்சம் இருக்கும். ஆனால் கிளப் போட்டிகளில் ஸ்கோர்கார்டு வாங்கிச் சரிபார்க்கும் மேசையில் பல ஆண்டுகளாக உட்காருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்விங்கைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த 90-ஐச் சந்தேகப்படுங்கள். நண்பர்கள் ஆட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் சலுகைகளை யாரும் எண்ணுவதில்லை. இரண்டடி பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) என்றால் "எடுத்துக்கோங்க சார்" என்று விட்டுவிடுவார்கள். முதல் டீயில் (குழியைத் தொடங்கும் இடத்தில்) பந்து கோணலாகப் போனால் இன்னொன்று அடிக்கலாம். பந்து தொலைந்தால் தொலைந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட்டு, ஒரு பெனால்டி சேர்த்துக்கொண்டு நடையைக் கட்டுவோம். பந்து பள்ளத்தில் கிடந்தால் பையைச் சுமக்கும் கேடியே காலால் நல்ல புல்லுக்குத் தள்ளிவிடுவார். போட்டி நாளில் இவை ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. 15-ல் ஒரு பங்கு அங்கே போகிறது. மிச்சம், இந்தச் சலுகைகள் இருக்கும் தைரியத்தில் அடித்துப் பழகிய ஷாட்களில் போகிறது.

முதலில் அந்த இரண்டடி பட். எதிராளி விட்டுக்கொடுக்கலாம் என்ற ஏற்பாடு மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் ஆட்டத்தில்) மட்டும்தான். ஸ்ட்ரோக் பிளேயில் பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். பழக்கதோஷத்தில், இடத்தைக் காட்டும் மார்க் வைக்காமல் பந்தை எடுத்துவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி. திரும்ப அதே இடத்தில் வைத்து முடிக்க வேண்டும். முடிக்காமல் அடுத்த டீயில் அடித்துவிட்டீர்கள் என்றால் போட்டியை விட்டே வெளியே. இதைவிடப் பெரிய சேதம் வேறொன்று. வருடம் முழுக்க இரண்டடி, மூன்றடி பட்களை அடிக்காமலே எடுத்துவந்தவருக்கு, 18 குழியிலும் அவற்றை அடிக்க வேண்டிய ஒரே நாள் போட்டி நாளாக இருக்கிறது. கை நடுங்காமல் என்ன செய்யும்? பயிற்சி ரேஞ்சில் டிரைவரோடு (நெடுந்தூரம் அடிக்கும் மட்டையோடு) செலவழிக்கும் நேரத்தில் கால்வாசியைக் குழியைச் சுற்றி மூன்றடிக்கு ஒதுக்குங்கள். இன்னொரு கால்வாசி முப்பது, நாற்பது அடி பட்டுக்கு. மூன்று பட் ஆவதற்குப் பெரும்பாலும் முதல் பட்டின் வேகம்தான் காரணம். உலகின் முதல்தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களே 8 அடி பட்களில் ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். முதல் பட்டை அந்த 8 அடிக்குள் கொண்டுவராத அமெச்சூருக்கு இரண்டாவது பட் விழுந்தால் அது அதிர்ஷ்டம்.

பந்தைத் தள்ளும் வழக்கத்துக்கு வருகிறேன். 'பிரிஃபர்ட் லை' (பந்தை நல்ல புல்லுக்கு நகர்த்திக்கொள்ளும் அனுமதி) என்பது போட்டியை நடத்தும் கமிட்டி அன்றைக்கு அறிவித்தால் மட்டுமே உண்டு; அதுவும் அறிவித்த பகுதியில், அறிவித்த தூரத்துக்குள். அறிவிப்பு இல்லாத நாளில் கேடி பந்தைத் தள்ளினால் அந்தப் பெனால்டி உங்களுக்குத்தான், கேடி செய்வதெல்லாம் உங்கள் கணக்கு. தள்ளிய இடத்திலிருந்தே அடித்துவிட்டால் இரண்டு ஸ்ட்ரோக். கேடிகள் வேண்டுமென்று செய்வதில்லை. மற்ற நாளெல்லாம் அதைத்தான் நாம் அவர்களிடம் எதிர்பார்க்கிறோம். அதனால் முதல் டீயிலேயே "இன்னைக்குப் போட்டி, பந்தைத் தொடவேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

அதிகம் ரத்தம் கசியும் இடம் தொலைந்த பந்து. பந்து தொலைந்தாலோ ஓ.பி. (மைதான எல்லைக்கு வெளியே) போனாலோ ஒரு பெனால்டியோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். டீ ஷாட் என்றால் அடுத்து அடிப்பது மூன்றாவது. (சில கிளப்புகள் திரும்பிப் போகாமல் இரண்டு பெனால்டியோடு புல் வெட்டிய பாதையான ஃபேர்வே பக்கம் பந்தைக் கையிலிருந்து டிராப் செய்ய அனுமதிக்கும் உள்ளூர் விதியை வைத்திருக்கும். அன்றைய விதித்தாளில் இருந்தால்தான் அது செல்லும்.) சந்தேகம் வந்த உடனே புரொவிஷனல் (தற்காலிக மாற்றுப் பந்து) அடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எப்படிச் சொல்லி அடிக்க வேண்டும் என்பதில்தான் தவறு நடக்கிறது. "சேஃப்டிக்கு இன்னொண்ணு அடிச்சிடறேன்" என்று சொல்லி அடித்தால் அது புரொவிஷனல் அல்ல. அந்த இரண்டாவது பந்துதான் இனி ஆட்டத்தில் இருக்கும் பந்து. முதல் பந்து ஃபேர்வே நடுவில் உட்கார்ந்திருந்தாலும் செத்த பந்து. உங்கள் ஸ்கோரைக் குறிக்கும் மார்க்கரைப் பார்த்து, "சார், இது புரொவிஷனல். டைட்லிஸ்ட் 3, ரெண்டு பச்சைப் புள்ளி" என்று சொல்லிவிட்டு அடியுங்கள். அந்த வார்த்தை வாயில் வந்தாக வேண்டும்.

தேட உங்களுக்கு மூன்று நிமிடம். 2019-க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. இன்னும் பலர் ஐந்து நிமிடக் கணக்கிலேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நிமிடத்துக்குப் பின் கிடைத்த பந்தை ஆடினால் அது தவறான பந்து, இரண்டு ஸ்ட்ரோக். இதில் யோசிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. முதல் பந்து மைதானத்துக்குள் கிடைத்துவிட்டால், முள்புதரின் அடியில் கிடந்தாலும் புரொவிஷனலைக் கைவிட்டே தீர வேண்டும். புரொவிஷனல் ஃபேர்வேயில் அழகாக நிற்கிறது, முதல் பந்து போனதோ அடர்ந்த புதர் என்றால், போய்த் தேட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நேரே நடந்து புரொவிஷனலை அடிக்கலாம். ஆனால் நீங்கள் அதை அடிப்பதற்குள் வேறு யாராவது முதல் பந்தைக் கண்டெடுத்துவிட்டால் அது கிடைத்த பந்துதான்.

பந்தில் உங்கள் அடையாளத்தை மைப்பேனாவால் போட்டுவையுங்கள். ஒரே பிராண்டு, ஒரே எண்ணில் இரண்டு பேர் ஆடுவது சாதாரணம். உங்களுடையதுதானா என்று பார்க்க, இடத்தை மார்க் செய்துவிட்டுப் பந்தை எடுக்கலாம், அடையாளம் தெரியத் தேவையானதற்கு மேல் துடைக்கக் கூடாது. தவறான பந்தை அடித்தால் இரண்டு ஸ்ட்ரோக், அதைத் திருத்தாமல் அடுத்த டீயில் அடித்தால் வெளியேற்றம்.

டிராப் விஷயத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன். சிவப்புக் குச்சி நட்ட குளத்தில் பந்து விழுந்தால், தண்ணீர் தெறித்த இடத்துக்கு நேராகக் கரையில் போடுவது நம் வழக்கம். கணக்கில் வருவது, பந்து கடைசியாக எல்லையைத் தாண்டிய இடம். வளைந்து ஸ்லைஸ் ஆகிப் போன பந்து தாண்டிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் நாற்பது, ஐம்பது கெஜம் வித்தியாசம் இருக்கலாம். அவ்வளவு முன்னால் போட்டு ஆடினால் இரண்டு பெனால்டியோடு நிற்காது. கமிட்டி அதைப் பெரிய மீறலாகக் கருதினால், திருத்தாதவருக்குப் போட்டியே போய்விடும். பந்து பறக்கும்போதே கண்ணை எடுக்காமல் எங்கே தாண்டியது என்று பாருங்கள், மார்க்கரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. பையில் 14 கிளப்புக்கு (மட்டைக்கு) மேல் இருந்தால், மீறிய ஒவ்வொரு குழிக்கும் இரண்டு, அதிகபட்சம் நான்கு ஸ்ட்ரோக். 2001-ல் ராயல் லிதமில் நடந்த ஓப்பன் சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில், முன்னணியில் இருந்த இயன் வூஸ்னம் முதல் குழியில் பர்டி (பார் எனும் நிர்ணய எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு) போட்டார். இரண்டாவது டீயில்தான் பையில் இரண்டு டிரைவர் இருப்பது தெரிந்தது. இரண்டு ஸ்ட்ரோக் போனது. முந்தின நாள் ரேஞ்சில் பார்க்க வாங்கிய டிரைவர், பையன் செருகிவைத்த பட்டர், இப்படித்தான் கிளப் ஆட்டக்காரர்களுக்கும் நடக்கிறது. டீ அடிக்குமுன் எண்ணிவிடுங்கள். தொடங்க வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் இரண்டு ஸ்ட்ரோக், அதைத் தாண்டினால் வெளியே. "என்ன கிளப் அடிச்சீங்க?" என்று, தன் ஷாட்டை இன்னும் அடிக்காதவர் கூட ஆடுபவரிடம் கேட்டால் கேட்டவருக்கு இரண்டு, பதில் சொன்னால் சொன்னவருக்கும் இரண்டு. கொடிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பதில் தவறில்லை. லேசர் வைத்திருப்பவர்கள், ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை அணைத்துவிட்டுப் பையிலிருந்து எடுங்கள்.

முதல் டீயில் கொடுக்கும் விதித்தாளை மடித்துப் பாக்கெட்டில் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் படியுங்கள். 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப், விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானம். ரசிகர்கள் மிதித்து நடந்த மணல் திட்டுகளும் பங்கர்தான் (கிளப்பை ஊன்றக் கூடாத மணற்குழிதான்) என்று தாளில் எழுதிக்கொடுத்திருந்தார்கள். 72-வது குழியில் டஸ்டின் ஜான்சன் அப்படி ஒரு மணலில் கிளப்பை ஊன்றினார். இரண்டு பெனால்டி, சமன் முறிக்கும் பிளே-ஆஃப் வாய்ப்பு பறிபோனது. நம் பக்கத்துக்கு வந்தால், கொடைக்கானல் மைதானத்தில் காட்டு மாடுகள் உலவும். ஃபேர்வேயில் பந்து குளம்புத்தடத்தில் விழுந்தால் பொது விதியில் இலவச நிவாரணம் கிடையாது, ஏனென்றால் அது விலங்கு தோண்டிய குழி அல்ல. கமிட்டி உள்ளூர் விதி போட்டிருந்தால் உண்டு. குழி இருக்கும் கிரீனில் என்றால் அந்தத் தடத்தை நீங்களே சரிசெய்துகொள்ளலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் பந்தை எடுத்து வைப்பவர் ஸ்ட்ரோக்கை இழக்கிறார். தெரியாமல் எடுக்காமல் விடுபவரும் இழக்கிறார்.

விதி புரியவில்லை, கேட்க ஆளும் இல்லை என்றால் ஸ்ட்ரோக் பிளேயில் ஒரு வழி இருக்கிறது. பல வருடம் ஆடியவர்கள்கூட இதைப் பயன்படுத்துவதில்லை. அந்தக் குழியை இரண்டு பந்துகளால் ஆடி முடிக்கலாம். அடுத்த ஷாட்டுக்கு முன்பே "இரண்டு பந்து ஆடுகிறேன், விதி இடம்கொடுத்தால் இந்தப் பந்து எண்ணப்படட்டும்" என்று மார்க்கரிடம் சொல்ல வேண்டும். கார்டு கொடுக்குமுன் கமிட்டியிடம் தெரிவிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும் சரி. தெரிவிக்காவிட்டால் வெளியேற்றம். "நாமே பேசி முடிச்சுக்கலாம்" என்று நான்கு பேரும் சேர்ந்து ஒரு விதியைத் தெரிந்தே ஒதுக்கினால் நான்கு பேருக்கும் அதே கதிதான்.

இனி ஷாட் தேர்வு. பெரிய எண்கள் வருவது இங்கேதான். ஹேண்டிகேப் 18 என்றால் குழிக்கு ஒரு ஸ்ட்ரோக் கையில் இருக்கிறது. பார் 72 மைதானத்தில் எல்லாக் குழியிலும் போகி (பாருக்கு ஒன்று மேல்) போட்டால் 90, ஹேண்டிகேப்பைக் கழித்த நெட் 72. அந்த ஸ்கோரோடு வருபவர் பரிசுப் பட்டியலுக்குப் பக்கத்தில் நிற்பார். அதனால் பார் 4 குழியை நீங்கள் பார் 5 என்றே நினைத்து ஆட வேண்டும்.

ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். 380 கெஜம், பார் 4. டிரைவ் 220 கெஜம் போய் வலப்பக்க மரங்களுக்கு அடியில் நிற்கிறது. கிரீனுக்கு 160 கெஜம். இரண்டு அடிமரங்களுக்கு இடையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து தெரிகிறது. சந்தின் முடிவில் கொடியும் தெரிகிறது. கை தானாக நீண்ட அயர்ன் மட்டைக்குப் போகும். நண்பர்களோடு இதை எத்தனையோ முறை முயன்றிருப்பீர்கள். ஒரு முறை கிரீனில் போய் விழுந்தது நினைவிருக்கும், மரத்தில் பட்டுத் திரும்பியவை நினைவிருக்காது, ஏனென்றால் அந்தக் குழிகளில் பந்தைக் கையில் எடுத்துவிட்டீர்கள். போட்டியில் எடுக்க முடியாது. பத்துப் பந்து கொடுத்தால் அந்தச் சந்தில் எத்தனையை அனுப்புவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேர்மையான பதில் மூன்று என்றால், மற்ற ஏழும் மரத்தில் பட்டு இன்னும் மோசமான இடத்துக்குப் போகும். அங்கிருந்து 7, 8, 9 என்று எண் ஏறும். குறுந்தூர மட்டையான வெட்ஜை எடுத்துப் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டினால் இரண்டாவது ஷாட் முடிந்தது. மூன்றாவது கிரீனிலோ கிரீன் ஓரத்திலோ. சிப், பட் எல்லாம் சேர்த்து 5 அல்லது 6. ஐந்து வந்தால் உங்களுக்கு அது நெட் பார். மரத்தடிக்குள் போனதற்கு நீங்கள் கொடுத்த விலை அதிகம் போனால் ஒரு ஸ்ட்ரோக்.

1999 ஓப்பனில் கார்னூஸ்டியின் கடைசி டீயில் ஜான் வான் டி வெல்ட் மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையில் நின்றார். பார் 4 குழியில் 6 போட்டாலே கோப்பை. டிரைவர் எடுத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த டிரைவ் ஆபத்தில்லாத இடத்தில்தான் நின்றது. இரண்டாவது ஷாட் பார்வையாளர் மேடையில் பட்டு அடர்ந்த புல்லான ரஃபுக்குத் திரும்பியது. அங்கிருந்து பந்தைப் பின்னாலோ பக்கத்திலோ வெளியே எடுக்காமல், ஓடையைத் தாண்டி அடிக்கப் பார்த்தார். பந்து பேரி பர்ன் ஓடைக்குள் விழுந்தது. முடிவு 7, பிறகு பிளே-ஆஃபில் பால் லாரியிடம் தோல்வி. ஒரு மோசமான ஷாட்டால் யாரும் போட்டியை இழப்பதில்லை. அதை உடனே ஈடுகட்டப் பார்க்கும் ஷாட்டில்தான் இழக்கிறார்கள்.

கிரீனை நோக்கி அடிக்கும்போது அமெச்சூர்களின் பந்து பெரும்பாலும் குறையாகவே விழும். 7 அயர்ன் 150 கெஜம் என்று சொல்வது, வருடத்தில் நன்றாகப் பட்ட ஷாட்டின் தூரம். வழக்கமாக எவ்வளவு போகிறதோ அதை வைத்துக் கிளப் எடுங்கள், கொடியை மறந்து கிரீனின் நடுவைப் பாருங்கள். மலைக்குப் போனால் கணக்கு மாறும்: ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், காற்று லேசு என்பதால் பந்து கணிசமாக அதிக தூரம் பறக்கும். சென்னையில் ஆடுபவர் அங்கே போட்டிக்குப் போனால் ஒரு நாள் முன்பே போய் ஒவ்வொரு கிளப்பின் தூரத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஸ்கோர்கார்டு. நான் மேசையில் அதிகம் வருத்தப்படுவது இங்கேதான், ஏனென்றால் நாலரை மணி நேரம் நன்றாக ஆடியவரை நாங்கள் பெயரடித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் எதிரே உள்ள எண் சரியாக இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. உண்மையைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டால் வெளியேற்றம். அதிகமான எண்ணுக்குப் போட்டால் அந்த அதிகமே நிற்கும். 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17-வது குழியில் பர்டி 3 போட்டதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் மார்க்கர் டாமி ஆரன் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். 65 ஆட வேண்டிய கணக்கு 66 ஆனது, பாப் கோல்பியோடு பிளே-ஆஃப் ஆட வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்கில் இரண்டாவது ஆனார். அன்று அவருக்கு 45-வது பிறந்தநாள். 2024 பிப்ரவரியில் ஜெனசிஸ் இன்விடேஷனலில் ஜோர்டன் ஸ்பீத் 4 அடித்த குழிக்கு 3 என்று இருந்த கார்டில் கையெழுத்திட்டு வெளியேற்றப்பட்டார். முழுநேரம் இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கே இப்படி.

கூட்டிப்பார்ப்பதில் மூளையைச் செலவழிக்காதீர்கள்; கூட்டல் கமிட்டியின் வேலை. நிழலில் உட்கார்ந்து, மார்க்கர் "ஒண்ணு அஞ்சு, ரெண்டு ஆறு" என்று குழி குழியாகப் படிக்க, நீங்கள் தனியாகக் குறித்துவைத்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டு கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சந்தேகமான பெனால்டி ஏதாவது இருந்தால் மேசையை விட்டு எழுவதற்கு முன் எங்களிடம் கேட்டுவிடுங்கள். பெனால்டி விழுந்ததே தெரியாமல் கையெழுத்திட்டவருக்கு விதி இரக்கம் காட்டுகிறது, அந்தப் பெனால்டி மட்டும் சேரும். தெரிந்தும் விட்டவருக்கு அந்த இரக்கம் கிடையாது.

கேட்டவர் ஹேண்டிகேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போதைய உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ன் சராசரிதான் அடிப்படை. அந்த எட்டிலும் விட்டுக்கொடுத்த பட்டும் இரண்டாவது டீ ஷாட்டும் ஒளிந்திருந்தால், உங்கள் உண்மையான ஹேண்டிகேப் 22-ஆகவோ 23-ஆகவோ இருக்கலாம். 18 என்று எழுதிக்கொண்டு போட்டிக்குப் போகிறீர்கள், நான்கைந்து ஸ்ட்ரோக்கை முதல் டீயிலேயே கொடுத்துவிட்டு. இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. ஹேண்டிகேப் கணக்குக்கு ஒரு குழியின் ஸ்கோரை நெட் டபுள் போகியோடு (ஹேண்டிகேப் சலுகை போகப் பாருக்கு இரண்டு மேல்) நிறுத்திவிடுவார்கள். ஸ்ட்ரோக் பிளே முடிவுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது, 11 அடித்தால் 11தான். அடுத்த போட்டிக்கு முன் இரண்டு மூன்று வாரம், நண்பர்களில் ஒருவரை மட்டும் சம்மதிக்கவைத்து, பட் விடாமல், இரண்டாவது டீ ஷாட் இல்லாமல், பந்தைத் தொடாமல், புரொவிஷனல் சொல்லி, கார்டு மாற்றிக் கையெழுத்துப் போட்டு ஆடுங்கள். அந்தக் கார்டுகளை ஹேண்டிகேப்புக்குக் கொடுங்கள். முதல் வாரம் 100-க்கு மேல் வந்தால் வரட்டும்.